கை எடுத்தால் அவுட்

நிற்பதைத் தவிர எனக்கு வேறு எந்த வித்தையும் தெரியாது. தன்னடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. குரோம்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை காலையிலும் மாலையிலும் மின்சார ரயிலில் நின்றே போய்வந்தவள் நான். வண்டி தாம்பரத்தில் கிளம்பும்போதே உட்காரும் இடமெல்லாம் நிரம்பிவிடும். சானடோரியத்தில் ஏறுகிறவர்கள் மிச்சம் மீதியைப் பிடித்துக்கொள்வார்கள். குரோம்பேட்டைக்காரிக்குக் கைப்பிடி மட்டும்தான். மாலையில் பீச்சில் காலி வண்டி வருமே, அப்போதாவது உட்காரலாமே என்று கேட்பீர்கள். உட்காருவேன். கோட்டை ஸ்டேஷனில் ஒருத்தி கைக்குழந்தையோடு ஏறுவாள். பெட்டியில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, நேராக என் முகத்தைத்தான் பார்ப்பாள். எழுந்துவிடுவேன்.

என்னைப் பார்ப்பதற்குக் காரணம் என் உடம்பு. எட்டாம் வகுப்பிலேயே அப்பாவின் உயரத்தைத் தொட்டுவிட்டேன். அகலமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அம்மா குள்ளம், ஒல்லி. தன் வயிற்றில் இப்படி ஒன்று எப்படிப் பிறந்தது என்ற திகைப்பு அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை. தரை அதிராமல் நட, தோளைக் குறுக்கிக்கொள், போட்டோ எடுத்தால் பின்வரிசையில் நில், அதிலும் கொஞ்சம் முட்டியை மடக்கி நில். இவையெல்லாம் அவள் எனக்குச் சொல்லித் தந்த பாடங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஜாதகம் பாவம், எத்தனை பழியைத்தான் சுமக்கும். முப்பது தாண்டியதும் அந்தப் பேச்சும் வீட்டில் ஓய்ந்தது. பாரிமுனைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்குப் பிரிவு, மாலையில் வீடு, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளியல். எனக்கு அதில் பெரிய குறை இருந்ததாகவும் சொல்ல முடியாது.

சுனாமி வந்துபோன மறுவருடமோ அதற்கு அடுத்த வருடமோ, ஒரு டிவி சேனலில் புதுசாக ஒரு போட்டி அறிவித்தார்கள். காட்டில் கொண்டுபோய் விடுவார்களாம். அங்கே பசியையும் வெயிலையும் தாங்கி, அவர்கள் வைக்கும் சோதனைகளிலும் தேறிக் கடைசிவரை இருப்பவருக்குப் பரிசாம். பெயரைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொன்னார்கள். என் தம்பி என் பெயரை அனுப்பிவிட்டான். எல்லாம் கேலிக்குத்தான். அவன் என்னை ஜம்போ என்றுதான் கூப்பிடுவான். "காட்டுக்கு யானை வேணுமாம், அதான் அனுப்பினேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பத்து நாளில் சேனலிலிருந்து போன் வந்தது. சிரித்த வாய் அப்படியே நின்றது.

தேர்வு தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல்நாள் ஏதோ கல்யாணம் முடிந்திருக்க வேண்டும், மேடையில் இன்னும் ஜிகினாத்தாளில் எழுதிய பெயர்கள் ஒட்டியிருந்தன. அதன் கீழே மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் போன பையன் ஒரு கையால் தண்டால் எடுத்தான். ஒரு பெண் நெருப்பு வளையம் கொண்டுவந்திருந்தாள், மண்டபத்துக்காரர் பற்றவைக்க விடவில்லை. என் முறை வந்தது.

"உங்களுக்கு என்ன மேடம் ஸ்பெஷல்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். அவர்தான் நிகழ்ச்சியின் இயக்குநர்.

"நிப்பேன் சார்."

"நிப்பீங்கன்னா?"

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்பேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் சிரிப்புக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும். எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா ஒரேயடியாக மறுத்தாள். "கடற்கரைப் பக்கமாமே? சுனாமி வந்த ஈரமே இன்னும் காயலை" என்றாள். அது வாய்க்கு வந்த காரணம். மகள் டிவியில் முழு உருவமாகத் தெரிவாளே என்பதுதான் அவளுடைய பயம். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, "லீவு இருந்தா போய்ட்டு வரட்டும்" என்றார். லீவு இருந்தது. வருடக்கணக்கில் எடுக்காத லீவு.

காடு என்று டிவியில் காட்டினார்களே, அது கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு சவுக்குத் தோப்பு. சுற்றிலும் பச்சை வலை கட்டியிருந்தார்கள். 'மனித வாடையே இல்லாத இடம்' என்று நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் சொல்லாதது, வலைக்குப் பின்னால் பாண்டிச்சேரி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனதும், யூனிட் ஆட்களுக்குப் பதினோரு மணிக்கு மசால்வடை வந்ததும். ஆனால் எங்கள் பசி நிஜம். வெறும் கிழங்கும் அரைவேக்காட்டு அரிசியும்தான் கொடுத்தார்கள். கொசு நிஜம். வாரத்துக்கு ஒருவரை வெளியேற்றினார்கள். மற்றவர்கள் ஒருவருக்கொருவர் குழி பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒரு போட்டியாளராகவே யாரும் நினைக்காததால் நான் பாட்டுக்கு இருந்துகொண்டே இருந்தேன்.

அப்படியே கடைசி ஆறு பேரில் ஒருத்தியாகிவிட்டேன். இறுதிச் சுற்று அந்தமானில், வேறு ஊர்களில் ஜெயித்தவர்களோடு என்றார்கள். ஒரே சோதனை, அதில் ஜெயிக்கிற ஒருவர் நேராக அந்தமான் போகலாம். தோற்ற ஐந்து பேரும் அன்றைக்கே வீட்டுக்கு.

சோதனை இதுதான். கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் ஒரு கழிமுகம், முட்டியளவு தண்ணீர். அதற்குக் குறுக்கே ஒரு பனைமரத் துண்டைக் கிடத்தியிருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு மூங்கில் கழி. பனைமரத்தின் மேல் வெறுங்காலோடு வரிசையாக நின்று, இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலை மாற்றி வைக்கலாம், கையை மூங்கிலோடு நகர்த்தலாம். ஆனால் கை மூங்கிலை விட்டு விலகக்கூடாது.

"எந்தக் காரணமா இருந்தாலும் சரி, ஒரு கை எடுத்தாலும் அவுட்" என்றார் இயக்குநர்.

கேட்டதை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். நிற்க வேண்டும், மேலே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் சோதனையா? இதை நான் சீசன் டிக்கெட் வாங்கிச் செய்துகொண்டிருந்தேன். அதுவும் இங்கே முதுகில் யாரும் டிபன் பாக்ஸால் இடிக்கப் போவதில்லை. அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஜெயிக்க வேண்டும். பரிசுக்காக இல்லை, அந்தமானைப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. இந்த உடம்பைப் பற்றி ஊரும் வீடும் பேசிய பேச்சுக்கெல்லாம் நடுவில், இந்த உடம்பு ஒரு காரியத்தைச் செய்தது, இதனால்தான் செய்ய முடிந்தது என்று ஒரே ஒரு தடவை ஆகவேண்டும். ஆசையை வெளியே காட்டாமல் ஏறி நின்றேன்.

மூங்கிலை ஒரே உயரத்தில் கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் எக்கிப் பிடித்தார்கள். எனக்கு அது ரயில் கைப்பிடிபோலக் கச்சிதமாக வந்தது. என் உயரத்தால் எனக்கு ஒரு லாபம் கிடைத்ததென்றால் வாழ்க்கையில் அங்கேதான்.

எனக்கு இடப்பக்கம் காட்டாங்குளத்தூரில் பொறியியல் படிக்கும் பையன். தண்டால் எடுத்தவன் அவன்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, கேமராவுக்குப் பிடித்த மாதிரி உடம்பை முறுக்கிக்கொண்டு நின்றான். முறுக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? வெயில் உச்சிக்கு வருமுன்பே கெண்டைக்காலில் தசை பிடித்து, "ஐயோ" என்று தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். ஒரு நடன ஆசிரியையும் ஒரு மெடிக்கல் ரெப்பும் அடுத்தடுத்துப் போனார்கள். நான்காவது ஆள் கோவிலம்பாக்கத்தில் வீடு கட்டி முடித்திருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். நல்ல மனிதர், நன்றாகவும் நின்றார். வியர்வையில் கண்ணாடி மூக்கின் நுனிவரை வழுக்கி வந்துவிட்டது. மூக்கைச் சுளித்துப் பார்த்தார், தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. கடைசியில் வருவது வரட்டும் என்று கையை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவரே மரியாதையாக இறங்கிப் போனார்.

மிச்சம் இரண்டு பேர். நானும், என்னைவிட நாலைந்து வயது சின்னவளான ஒரு மீன்காரப் பெண்ணும். பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரி. கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மேடவாக்கம் வரை காலனி காலனியாகப் போய் விற்பவள். குள்ளம். மூங்கிலை எட்டுவதற்கே அவள் நுனிக்காலில் நின்றாக வேண்டும். காலையிலிருந்து அப்படியேதான் நின்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

"இன்னாக்கா, எறங்க மாட்ட போலக்கீது?" என்றாள் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து.

"நீ இறங்கு, நானும் இறங்கிடறேன்."

"ஆங், ஆசயப் பாரு. நா எங்க குப்பத்துல சொல்ட்டு வந்துகீறேன், அந்தமான் போய்ட்டுதான் வூட்டுக்கு வருவேன்னு."

"கூடை தூக்கற கைதானே, வலிக்கலையா?"

"கூட கீழ அமுக்கும், இது மேல இஸ்குது. பேஜாரா கீதுக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது உதடு வறண்டு வெடித்திருந்தது தெரிந்தது.

வெயில் சாய ஆரம்பித்தது. இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. நாங்கள் இரண்டு கோடியில் நிற்பதால் கேமராவில் ஒன்றாக விழவில்லையாம். "ரெண்டு பேரும் கையை எடுக்காம அப்படியே நகர்ந்து நடுவுக்கு வாங்க. ஒரே ஃப்ரேம்ல வேணும்" என்றார். நகர்ந்தோம். மூங்கிலில் உள்ளங்கையை இழுத்து இழுத்து, பனைமரத்தில் பக்கவாட்டில் அடி வைத்து நடுவுக்கு வந்தோம். அவள் தலை என் தோளுக்குக் கீழே இருந்தது. ஒருவர் உடம்பின் சூடு இன்னொருவருக்குத் தெரிந்தது.

என் நிலைமையைச் சொல்ல வேண்டும். தோள் வலித்தது. உள்ளங்கை எரிந்தது. ஆனால் கால் நன்றாக இருந்தது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், முட்டியைப் பூட்டக்கூடாது. மீனம்பாக்கம் தாண்டுமுன்பே இது தானாக வந்துவிடும் எனக்கு. பொழுது சாயும்வரை நிற்கலாம் என்று தோன்றியது. அதற்குமேலும் நிற்கலாம் என்று தோன்றியது. எனக்குள் ஒரு சந்தோஷம் மெல்லப் பரவியது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது, எனக்கு வாங்கவில்லை. நான் தோளைக் குறுக்காமல், முட்டியை மடக்காமல், முழு உயரத்துக்கும் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் பாதத்தில் பாதம் பட்டது.

அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதா, என் கை செய்தது என்று சொல்வதா, தெரியவில்லை. வலது கை மூங்கிலை விட்டு இறங்கியது. அவள் தோளைத் தொட்டது. தொட்ட விரல்களை என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "சாரிம்மா" என்றேன். கை மறுபடி மூங்கிலுக்குப் போனபோது விசில் ஊதிவிட்டார்கள்.

கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். புத்தகத்தின் மேல் பட்டாலும் சரி, மனுஷர் மேல் பட்டாலும் சரி. இதை யார் எனக்குச் சொல்லித் தந்தார்கள், எப்போது தந்தார்கள் என்றெல்லாம் நினைவில்லை. நெரிசலில் ஒரு நாளைக்கு எத்தனை கால்கள் படுகின்றன, எத்தனை தடவை இந்தக் கை கண்ணுக்குப் போய்வருகிறது என்று யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் பழக்கம் பனைமரம்வரை வந்திருந்தது.

இயக்குநர் தண்ணீர் ஓரம்வரை ஓடிவந்தார். "ஏன் மேடம் கையை எடுத்தீங்க? நல்லாத்தானே நின்னீங்க?"

"கால் பட்டுடுச்சு சார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். யூனிட்டில் யாரோ கைதட்டினார்கள். பண்பைப் பாராட்டினார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயக்குநர் யோசித்துவிட்டு, "இது ஜனங்களுக்குப் புரியாது மேடம். முடியாம சோர்ந்து விழற மாதிரி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, எடுத்துக்கறேன்" என்றார்.

"நான் சோர்ந்து போகலை சார். செய்ய மாட்டேன்" என்றேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கேமராக்காரர் மட்டும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். குடைக்கு அடியில் இருந்த சின்ன டிவியில் அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் காட்டினார். மீன்காரப் பெண்ணின் கால் நடுங்குகிறது. நடுங்கி நடுங்கிப் பனைமரத்தில் வழுக்குகிறது. வழுக்கி வந்து என் பாதத்தில் இடிக்கிறது. என் கால் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. "அவங்க கால்தான் மேடம் உங்க மேல பட்டிருக்கு. நீங்க அசையவே இல்லை" என்றார்.

அவளும் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்க முடியாமல் குடைக்கம்பியைப் பிடித்திருந்தாள்.

"அய்ய, என் காலாக்கா அது? மரத்துப் போய் கீது, பட்டதே தெர்ல" என்றாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "தப்பு என்துன்னா நீ இன்னாத்துக்குக் கைய எடுத்த? இன்னும் ஒரு நிமிசம் சும்மா நின்னுகினு இருந்தீன்னா நானே தொபுக்குனு வுழுந்திருப்பேன். வுட்றலாம்னு மனசுல முடிவே பண்ட்டேன்."

அவள் கால் மரத்துப்போயிருந்ததால் பட்டது அவளுக்குத் தெரியவில்லை. என் கால் நன்றாக இருந்ததால் எனக்குத் தெரிந்துவிட்டது. இயக்குநரிடம் போய்க் கேட்டேன். கேட்பதில் என்ன வெட்கம்? "ரூல் ரூல்தான் மேடம்" என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு சேனல் வேனில் குரோம்பேட்டை வந்து இறங்கினேன். திங்கட்கிழமை ஆபீஸ் போனேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பாக இரண்டு மாதத்துக்குமேல் ஆயிற்று. மாடிவீட்டுக்காரர்கள், எதிர்வீட்டு டீச்சர் குடும்பம், எல்லாரும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா சுண்டல் செய்திருந்தாள். நான் தொட்டுக் கும்பிட்டதை அவர்கள் காட்டவில்லை. எப்போதோ வெயிலுக்காக நான் கண்ணை மூடியதை எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். சோகமான வயலின் ஒன்று கேட்டது. "உடல் ஒத்துழைக்கவில்லை. போராடித் தோற்றார்" என்றது அந்தக் குரல். உடனே விசில்.

"பரவாயில்லை, அந்த உடம்பை வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் நின்னதே பெரிசு" என்றார் டீச்சர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுச் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். தம்பிகூட என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு சமையலறை வாசலில் போய் நின்றேன். நடந்ததை அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். உடம்பு ஒத்துழைக்காமல் இல்லை, உடம்பு நன்றாகத்தான் நின்றது, கால் பட்டது என்று தொட்டுக் கும்பிட்டேன், அதனால்தான் அவுட் என்று. பட்டதுகூட என் கால் இல்லை, அவள் கால். டிவியில் போட்டே காட்டினார்கள் என்று.

அம்மா கிண்ணம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"தொட்டுக் கும்பிட்டியா?" என்றாள்.

"கும்பிட்டேன்மா. ஆனா அவ கால்தான்..."

"யார் கால் பட்டா என்னடி? அந்த நேரத்துலயும் கும்பிடணும்னு தோணிச்சு பாரு. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு."

என்னைப் பார்த்து அம்மா அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் ஜெயிச்சிருப்பேன்மா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா அதைத் தன் பாராட்டுக்கு வந்த அழுகையாக எடுத்துக்கொண்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, எக்கி என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.